ஈவ் ஆன்லைன்: சண்டை வேண்டாதவர் கப்பலைக் காப்பாற்றிக்கொள்ளும் வழிகள்

சரக்கு ஏற்றி விற்கலாம், தாது வெட்டிச் சேர்க்கலாம், யாரோடும் சண்டை வேண்டாம் என்ற எண்ணத்தோடு ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கப்பல் இணைய விளையாட்டுக்கு வருபவர்கள் நிறையப் பேர். ஆனால் சண்டையை அணைத்து வைக்கும் பட்டன் இந்த ஆட்டத்தில் கிடையாது. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் வெளியிட்ட நாளிலிருந்தே அடிப்படை விதி ஒன்றுதான்: ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் உங்களை யாரும் சுடலாம். சுட்டவருக்கு அதற்கு என்ன விலை என்பது மட்டும்தான் இடத்துக்கு இடம் மாறும். இந்த விலைக் கணக்கு புரிந்துவிட்டால், சண்டையே போடாமல் மாதக்கணக்கில் ஓட்ட முடியும்.

போலீஸ் வரும், ஆனால் காப்பாற்ற வராது

ஒவ்வொரு சூரிய மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 1.0 முதல் 0.5 வரை ஹை-செக், 0.4 முதல் 0.1 வரை லோ-செக், 0.0உம் அதற்குக் கீழும் நல்-செக். ஹை-செக்கில் கான்கார்ட் என்ற போலீஸ் இருக்கிறது. காரணமில்லாமல் ஒருவர் உங்களைச் சுட்டால் கான்கார்ட் வந்து அவருடைய கப்பலைக் கட்டாயம் அழிக்கும். அதிலிருந்து தப்ப வழி கண்டுபிடிப்பதே விதிமீறல்.

புதியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கான்கார்ட் வந்து சேர நேரம் பிடிக்கும். 1.0, 0.9 மண்டலங்களில் 6 வினாடி, 0.8இல் 7, 0.7இல் 10, 0.6இல் 14, 0.5இல் 19 வினாடி. அந்த இடைவெளிக்குள் உங்கள் கப்பலை உடைத்துவிட முடியுமென்றால், தங்கள் கப்பல் போனாலும் பரவாயில்லை என்று சுடுபவர்கள் இருக்கிறார்கள். இதைத்தான் கேங்க் என்கிறார்கள். அவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் மலிவான கேட்டலிஸ்ட் டெஸ்ட்ராயர். சாவதற்கென்றே வாங்கிய கப்பல், செத்தால் கவலையில்லை.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். நல்ல திறன் உள்ள ஒருவர் ஓட்டும் டெக் 2 (மேம்பட்ட ரக) துப்பாக்கி கேட்டலிஸ்ட் வினாடிக்கு சுமார் 650 சேதம் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.5 மண்டலத்தில் 19 வினாடிக்கு 12,350. 1.0இல் 6 வினாடிக்கு 3,900 மட்டுமே. கப்பலில் கருவிகள் மாட்டும் ஃபிட்டிங் விண்டோவில் உங்கள் கப்பலின் மொத்தத் தாங்குதிறனை ‘இஎச்பி’ என்று காட்டும். அது 10,000 என்றால் 0.5இல் ஒரே ஒரு கேட்டலிஸ்ட் போதும், 1.0இல் மூன்று வேண்டும். 20,000 ஆக்கினால் 0.5இல் இரண்டு, 1.0இல் ஆறு. ஃபிட்டிங்கில் கொஞ்சம் கவனம் செலுத்தினால் எதிராளியின் ஆள்கணக்கை இரட்டிப்பாக்கிவிடலாம்.

இந்தக் கணக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. டொர்னேடோ என்ற பேட்டில்குரூசர் ஒரே வெடியில் 10,000ஐ ஒட்டியோ அதற்கு மேலுமோ அடித்துவிடும். அதற்கு நேரமே தேவையில்லை என்பதால் கான்கார்ட் 6 வினாடியில் வந்தாலும் பயனில்லை. ஜிட்டா போன்ற பெரிய சந்தை ஸ்டேஷன்களின் வாசலில் தூரத்தில் நின்றபடி, மெலிந்த கப்பலில் விலையுயர்ந்த சரக்கோடு வெளியே வருபவர்களை இவர்கள் பொறுக்குகிறார்கள்.

சரக்கின் மதிப்பு

கப்பல் உடைந்தால் உள்ளே இருந்த ஒவ்வொரு அடுக்குப் பொருளும் தப்ப 50 சதவீத வாய்ப்பு, அழிய 50 சதவீத வாய்ப்பு. ஆகவே கேங்க்கர் போடும் கணக்கு: சரக்கு மதிப்பில் பாதி, தான் இழக்கப்போகும் கப்பல்களின் விலையைவிட அதிகமா? மண்டலங்களை இணைக்கும் கேட்டிலோ ஸ்டேஷன் வாசலிலோ அவர்களுடைய கூட்டாளி ஒருவர் கார்கோ ஸ்கேனரோடு நின்று, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடுவார். உங்கள் சரக்கு ரகசியம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள்.

புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, பேட்ஜர், நீரியஸ், சிஜில் போன்ற சரக்குக் கப்பல்களில் கீழ் ஸ்லாட் (கருவி மாட்டும் இடம்) முழுக்க கார்கோ எக்ஸ்பாண்டர் மாட்டுவது. கொள்ளளவு கூடும், ஆனால் கப்பலின் உடற்கட்டும் வேகமும் குறையும். நிறையச் சரக்கு, குறைந்த உயிர், மெதுவான ஓட்டம் எல்லாம் ஒரே கப்பலில் சேர்ந்துவிடுகின்றன. எக்ஸ்பாண்டரைக் கழற்றிவிட்டு, தாங்குதிறனைக் கூட்டும் கருவிகளை மாட்டுங்கள்: டேமேஜ் கண்ட்ரோல் ஒன்று, மீதி இடத்தில் பல்க்ஹெட். நடு ஸ்லாட்டுகளில் ஷீல்ட் எக்ஸ்டெண்டரும் ஹார்டனரும். இரண்டு நடை கூடுதலாகப் போக வேண்டியிருக்கும். போகலாம்.

ஸ்கில் புத்தகம், புளூபிரிண்ட், இம்பிளாண்ட் போல அளவில் சிறியதும் விலையில் பெரியதுமான சரக்குக்கு ஹாலரே (சரக்குக் கப்பலே) வேண்டாம். ஒரு சாதாரண ஃபிரிகேட்டில் (சிறிய, வேகமான கப்பல்) கீழ் ஸ்லாட்டுகளில் இனர்ஷியல் ஸ்டெபிலைசர் (கப்பலைச் சீக்கிரம் திருப்பும் கருவி) மாட்டி, ஃபிட்டிங் விண்டோவில் அலைன் நேரம் (போகும் திசைக்குத் திரும்பி வேகமெடுக்க ஆகும் நேரம்) 2 வினாடிக்குக் கீழே வருகிறதா என்று பாருங்கள். ஆட்டத்தின் சர்வர் வினாடிக்கு ஒருமுறை கணக்கிடுகிறது. அதனால் 2 வினாடிக்குள் வார்ப்புக்கு (தொலைதூர அதிவேகப் பாய்ச்சலுக்கு) போகும் கப்பலை கேட்டில் லாக் செய்வது (குறிவைப்பது) கிட்டத்தட்ட முடியாத காரியம். ஷட்டில் வேகமானது என்றாலும் அதன் உயிர் மிகக் குறைவு. லாக் செய்யாமலே சுற்றிலும் வெடிக்கும் ஸ்மார்ட்பாம் ஒன்றே அதற்குப் போதும்.

பயணம்: வரிசையாக என்ன செய்வது

பணம் சம்பாதித்தவர்கள் அதை இழக்கும் இடம் பெரும்பாலும் பாதையில்தான். எனவே இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

1. கிளம்பும் முன் பாதையைப் பாருங்கள். ஆட்டத்தின் மேப்பிலேயே கடந்த ஒரு மணி நேரத்தில் எங்கே எத்தனை கப்பல் உடைந்தது என்று காட்டும் வடிகட்டி இருக்கிறது. உடைந்த கப்பல்களைப் பட்டியலிடும் zகில்போர்டு போன்ற வெளித் தளங்களில் மண்டலத்தின் பெயரைப் போட்டால் நிமிடக் கணக்கில் விவரம் கிடைக்கும். ஜிட்டாவுக்கும் இன்னொரு சந்தை மண்டலமான டோடிக்ஸிக்கும் இடையில் வரும் உவேடாமா 0.5 மண்டலம். ஆட்டத்திலேயே பேர்போன கேங்க் இடம் அதுதான். பாதையில் 0.5, 0.6 எங்கெங்கே வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. பாதை அமைப்பில் ‘பாதுகாப்பான வழி’ தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். ‘குறுகிய வழி’ என்றிருந்தால் உங்களைக் கேட்காமலே லோ-செக் வழியாகப் பாதை போடும்.

3. ஆட்டோபைலட்டை மறந்துவிடுங்கள். அது கப்பலை கேட்டின் மேல் இறக்காது. பல கிலோமீட்டர் தள்ளி இறக்கி, அங்கிருந்து ஊர்ந்து போகவிடும். கனமான ஹாலர் அந்தத் தூரத்தைக் கடக்கும்வரை ஸ்கேன் செய்ய, ஆள் கூப்பிட, சுட எல்லாவற்றுக்கும் நேரம் கிடைத்துவிடும். கையால் ஓட்டினால் கேட்டைத் தேர்ந்தெடுத்து ‘ஜம்ப்’ கொடுத்ததும் கப்பல் கேட்டின் மேலேயே இறங்கித் தாவிவிடும். டீ போடப் போகவேண்டுமென்றால் ஸ்டேஷனுக்குள் நுழைந்து டாக் செய்துவிட்டுப் போங்கள்.

4. அன்டாக் புக்மார்க் (ஸ்டேஷனை விட்டு வெளியே வரும்போது உதவும், பதிந்துவைத்த இடம்) ஒன்று செய்துகொள்ளுங்கள். ஸ்டேஷனிலிருந்து வெளியே வரும்போது கப்பல் முழு வேகத்தில் நேராகத் தள்ளப்படுகிறது. வார்ப்புக்குப் போக இரண்டே நிபந்தனைகள்: உச்ச வேகத்தில் 75 சதவீதத்தை எட்டியிருக்க வேண்டும், போகும் திசையை நோக்கியிருக்க வேண்டும். வாசலுக்கு நேர் எதிரே ஓர் இடம் இருந்தால் இரண்டும் தானாகவே நிறைவேறிவிடும். வேகமான ஃபிரிகேட்டில் அன்டாக் செய்து, திரும்பாமல் நேராக ஓட்டி, குறைந்தது 150 கிலோமீட்டர் தாண்டியபின் (அதற்குக் கிட்டே இருக்கும் இடத்துக்கு வார்ப் போக முடியாது) இடத்தைப் பதிந்துகொள்ளுங்கள். 500, 1,000 கிலோமீட்டர் என்றால் இன்னும் நல்லது. அடுத்தமுறை ஹாலரில் வெளியே வந்ததும் அந்தப் புக்மார்க்குக்கு வார்ப் கொடுத்தால் உடனே கிளம்பிவிடும். டொர்னேடோவுக்கான பதில் இதுதான்.

5. கேட் தாண்டியதும் 60 வினாடி வரை நீங்கள் யார் கண்ணுக்கும் தெரியமாட்டீர்கள். நகர்ந்தாலோ எதையாவது இயக்கினாலோ அந்த மறைப்பு போய்விடும். பதற்றப்பட்டு உடனே கிளிக் செய்யாதீர்கள். மண்டலத்தில் இருப்பவர்களைக் காட்டும் லோக்கல் பட்டியலைப் பாருங்கள், கேட்டைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் அடுத்த கேட்டுக்கு வார்ப் கொடுத்த அதே மூச்சில் ஹார்டனரையும் ஆன் செய்யுங்கள். ஜம்ப் செய்ததும் மாட்யூல்கள் (மாட்டிய கருவிகள்) அணைந்துவிடும் என்பது பலருக்கு உடைந்தபிறகுதான் தெரிகிறது.

6. எதிரிகளைச் சிவப்பாக்குங்கள். கில்போர்டில் உவேடாமாவைத் திறந்து, அங்கே திரும்பத் திரும்ப வரும் கார்ப் (ஆட்டக்காரர்களின் சங்கம்), அலையன்ஸ் (கார்ப்களின் கூட்டணி) பெயர்களைக் கண்டுபிடித்து, அவற்றை உங்கள் தொடர்புப் பட்டியலில் மிக மோசமான மதிப்பில் சேருங்கள். அதன்பின் அவர்கள் மண்டலத்தில் இருந்தாலே லோக்கலில் சிவப்புக் குறியோடு தெரிவார்கள். ஐந்து நிமிட வேலைதான், பயன் பெரிது.

சுட்டவருக்கு 15 நிமிடம் ‘கிரிமினல்’ கடிகாரம் ஓடும். அது முடியும்வரை ஹை-செக்கில் எந்தக் கப்பலில் வெளியே வந்தாலும் கான்கார்ட் அழித்துவிடும். ஆகவே ஒரு கூட்டம் இப்போதுதான் ஒரு கப்பலை உடைத்தது என்று கில்போர்டு காட்டினால், அதே கூட்டத்தால் அடுத்த கால் மணி நேரத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. கடக்க அதுதான் நல்ல நேரம். வேறொரு கூட்டமும் அங்கே இருக்கலாம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கடைசிச் சம்பவம் நடந்து அரை மணி ஆகியும் லோக்கலில் அதே பெயர்கள் இன்னும் இருந்தால், ஒரு கேட் முன்னாலேயே டாக் செய்துவிடுவது நல்லது.

நண்பர் ஒருவர் இருந்தால் ஒரு ஜம்ப் முன்னால் போய்ப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இலவச ஆல்ஃபா கணக்கை இன்னொரு கணக்கோடு ஒரே நேரத்தில் திறக்க விதி அனுமதிக்காது. எனவே அந்த நண்பர் நிஜமாகவே இன்னொரு ஆளாக இருக்க வேண்டும்.

தாது வெட்டுபவர்களுக்கு

ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதால் இவர்கள்தான் மிக எளிய இலக்கு. கோட் என்ற அலையன்ஸ் ஒரு காலத்தில் ஹை-செக் சுரங்கக்காரர்களிடம் 1 கோடி இஸ்க் (ஆட்டப் பணம்) கேட்டு ‘அனுமதிச் சீட்டு’ விற்றது. வாங்காதவர் கப்பலை உடைத்தது. லாபம் இல்லாவிட்டாலும் பொழுதுபோக்காகச் சுடுபவர்கள் உண்டு என்பதற்கு இதுவே சான்று. ஆகவே ‘என்னிடம் ஒன்றும் இல்லையே’ என்ற சமாதானம் சுரங்கத்தில் செல்லாது.

தொடக்கக் கப்பலான வென்ச்சரிலேயே இரண்டு புள்ளி வார்ப் வலிமை கூடுதலாக இருப்பதால், வார்ப்பைத் தடுக்கும் ஒற்றை ஸ்க்ராம்ப்ளரால் அதைப் பெரும்பாலும் பிடித்து நிறுத்த முடியாது. விலையும் குறைவு. அதற்கு அடுத்து பார்ஜ் (பெரிய சுரங்கக் கப்பல்) வாங்கும்போதுதான் தவறு நடக்கிறது. கவட்டர் அதிகம் வெட்டும், ரிட்ரீவரில் அதிகம் கொள்ளும், ப்ரொக்யூரர் அதிகம் தாங்கும். புதியவருக்கு ப்ரொக்யூரர்தான் சரி. பக்கத்தில் ஒரு ரிட்ரீவர் நின்றால், சுடவருபவர் தன் கேட்டலிஸ்டை அதன் மேல்தான் செலவழிப்பார்.

சுற்றிலும் உள்ள கப்பல்களைக் காட்டும் டி-ஸ்கேன் விண்டோவைத் திறந்து, தூரத்தை அதிகபட்சமான 14.3 ஏயூ (விண்வெளித் தூர அளவு), கோணத்தை 360 டிகிரி என்று வையுங்கள். சில வினாடிக்கு ஒருமுறை அடியுங்கள். கேட்டலிஸ்ட் என்று ஒன்றிரண்டு வரிசையாகத் தெரிந்தாலோ, கப்பல்களைத் தேடும் காம்பாட் ஸ்கேனர் புரோப் தெரிந்தாலோ, யோசிக்காமல் கிளம்புங்கள். அலைன் செய்தபடியே வெட்டுவது இன்னொரு முறை. ஸ்டேஷனை நோக்கித் திசை வைத்து, உச்ச வேகத்தில் 75 சதவீதத்தில் நகர்ந்துகொண்டே வெட்டினால் ஆபத்தில் உடனே வார்ப் போகலாம். ஆனால் அந்த வேகத்தில் போனால் சில நிமிடத்திலேயே பாறை லேசரின் எல்லைக்கு வெளியே போய்விடும், திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். ஆளில்லாத, சந்தையிலிருந்து தள்ளிய 0.8, 0.9 மண்டலத்தில் ப்ரொக்யூரரோடு போனால் இந்தச் சிரமம் அவ்வளவாகத் தேவைப்படாது.

உங்களையே குற்றவாளியாக்கும் பொறிகள்

கப்பல் மீட்டரை ஒட்டி ஒரு சிறிய வட்டம் இருக்கும். அதுதான் சேஃப்டி. அது பச்சையில் இருக்கும்வரை குற்றமாகும் எந்தச் செயலையும் ஆட்டம் தடுத்துவிடும். பச்சையிலேயே விடுங்கள். யாராவது ‘மஞ்சளாக்கினால்தான் இது வேலை செய்யும்’ என்று சொன்னால், அதுதான் பொறி. இன்னொருவருடைய மஞ்சள் நிறச் சிதைவிலிருந்தோ, விண்ணில் மிதக்கும் பெட்டியிலிருந்தோ ஒரு குண்டூசி எடுத்தாலும் 15 நிமிடத்துக்கு நீங்கள் ‘சஸ்பெக்ட்’. அந்த 15 நிமிடமும் யார் சுட்டாலும் கான்கார்ட் எட்டிப் பார்க்காது.

டூயல் அழைப்பும் அப்படித்தான். ஏற்றுக்கொண்டால் இருவர் சண்டைக்குப் போலீஸ் வராது. அமைப்புகளில் டூயல் அழைப்புகளைத் தானாக மறுக்கும் வசதி இருக்கிறது, அதை இன்றே ஆன் செய்துவிடுங்கள்.

கார்ப்பில் சேரும்முன் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, அந்தக் கார்ப்புக்குச் சொந்தக் கட்டடம் இருக்கிறதா? இருந்தால்தான் அதன்மேல் போர் அறிவிக்க முடியும். போர் நடந்தால் ஹை-செக்கிலும் எதிரிகள் உங்களைச் சட்டப்படி சுடலாம். அறிவிப்புக்கும் போர் தொடங்குவதற்கும் இடையே 24 மணி நேரம் கிடைக்கும், எனவே அறிவிப்புகளைப் படியுங்கள். இரண்டாவது, ‘ஃபிரெண்ட்லி ஃபயர்’ அனுமதிக்கப்பட்டிருக்கிறதா? அனுமதி இருந்தால் சக உறுப்பினரே உங்களைச் சுடலாம், கான்கார்ட் வராது. ஆரம்பத்தில் எல்லோரும் இருக்கும், ஆட்டமே நடத்தும் என்பிசி கார்ப்பின்மேல் போர் அறிவிக்க முடியாது. அதற்கு விலையாக வருமானத்தில் 11 சதவீத வரி. முதல் சில வாரங்களுக்கு அந்த வரி நியாயமான விலைதான்.

லோ-செக் வழியாகப் போயே ஆகவேண்டுமென்றால்

அங்கே கான்கார்ட் இல்லை. கேட்டில் இருக்கும் காவல் துப்பாக்கிகள் மட்டும் சுடும், அதைத் தாங்கும் கப்பலோடுதான் முகாமிடுகிறார்கள். ரான்சர், தாமா போன்ற மண்டலங்கள் கேட் முகாமுக்குப் பெயர்பெற்றவை. ஹாலரில் போகவே வேண்டாம். 2 வினாடி ஃபிரிகேட்டில் போங்கள், அல்லது முதலில் காலிக் கப்பலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். லோ-செக்குக்குச் சரக்கு எடுத்துச்செல்லச் சொல்லி, வழக்கத்துக்கு மீறிய கூலியும் பெரிய பிணைத்தொகையும் வைத்த கூரியர் ஒப்பந்தங்கள் பல நேரம் வலைதான். போய்ச் சேரும் கேட்டில் ஒப்பந்தம் போட்டவரே காத்திருப்பார். வார்ம்ஹோலில் (தற்காலிகத் துளை வழியாகப் போகும் மண்டலம்) லோக்கல் பட்டியலில் யாரும் பேசாதவரை பெயர் தெரியாது. அங்கே டி-ஸ்கேன் மட்டும்தான் கண்.

கப்பல் போய்விட்டால்

கவசம் கரைவதைப் பார்த்தவுடனேயே சுற்றியுள்ளவற்றைப் பட்டியலிடும் ஓவர்வியூவில் ஒரு கிரகத்தையோ ஸ்டேஷனையோ தேர்ந்தெடுத்து வார்ப் பட்டனை விடாமல் அடியுங்கள். கப்பல் வெடித்ததும் நீங்கள் பாட் என்ற சிறு உயிர்க்கூட்டில் இருப்பீர்கள். பாட் மிக வேகமாக அலைன் ஆகும் என்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். பாடும் போனால் தலையில் மாட்டியிருந்த இம்பிளாண்ட்கள் எல்லாம் போய், வீட்டு ஸ்டேஷனில் கண்விழிப்பீர்கள். பயிற்சித் திறன் எதுவும் குறையாது.

தப்பிய சரக்கு உங்கள் சிதைவில் 2 மணி நேரம் வரை இருக்கும். அது இன்னமும் உங்களுடையது. எடுப்பது குற்றமில்லை. கேங்க்கரின் கூட்டாளி முந்திக்கொள்வது வழக்கம். இருந்தாலும் பக்கத்து ஸ்டேஷனில் இன்னொரு கப்பல் இருந்தால் ஓடிப்போய்ப் பாருங்கள், சிலசமயம் பாதி கிடைக்கும்.

இன்ஷூரன்ஸ் செய்யாவிட்டாலும் கப்பலின் அடிப்படை மதிப்பில் 40 சதவீதம் வரும். டெக் 1 கப்பலுக்கு பிளாட்டினம் (மிக உயர்ந்த இன்ஷூரன்ஸ்) எடுத்திருந்தால் ஏறத்தாழ முழுத்தொகை. ஒருமுறை எடுத்தால் 12 வாரம் செல்லும். மாட்யூலுக்கும் சரக்குக்கும் எதுவும் வராது.

சுட்டவர்மேல் உங்களுக்கு ‘கில் ரைட்’ (அவரைச் சட்டப்படி சுடும் உரிமை) கிடைக்கும், 30 நாள் செல்லும். தொழில்முறை கேங்க்கர்களின் பாதுகாப்பு மதிப்பு (குற்றம் செய்யச் செய்யக் குறையும் ஆள்மதிப்பு) ஏற்கெனவே -10க்கு இறங்கியிருக்கும், -5க்குக் கீழே போனவரை யார் வேண்டுமானாலும் சுடலாம். எனவே அவர்களிடம் அந்த உரிமையால் பயனில்லை. எப்போதாவது ஆசைப்பட்டுச் சுட்டவரிடம் மட்டுமே அது செல்லும்.

கோபத்தில் லோக்கலில் திட்டி எழுதாதீர்கள். சிலர் அதற்காகவே சுடுகிறார்கள், அதைப் படமெடுத்துப் பரப்புகிறார்கள். கப்பலை உடைத்ததற்காகப் புகார் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள், அது ஆட்டத்தின் பகுதி. ஆனால் நிஜ வாழ்க்கை மிரட்டல், சாதி, இனம், பாலினம் சார்ந்த வசவு போன்றவற்றை உடனே புகாரளியுங்கள். புதியவர்கள் பிறக்கும் தொடக்க மண்டலங்களில் புதியவரைத் துன்புறுத்துவதையும் சிசிபி தடைசெய்திருக்கிறது. அங்கே நடந்தது என்றால் நேரத்தோடு குறிப்பிட்டு எழுதுங்கள்.

பிறகு கில்மெயிலை (கப்பல் உடைந்த அறிக்கையை) திறந்து பாருங்கள். எத்தனை பேர், எந்தக் கப்பல், மொத்தச் சேதம் எவ்வளவு, எந்த மண்டலம் என்று எல்லாம் இருக்கும். மேலே சொன்ன வினாடிக் கணக்கை அதோடு ஒப்பிட்டால், இன்னும் எத்தனை ஆயிரம் இஎச்பி இருந்திருந்தால் அவர்களுக்கு இன்னொரு கப்பல் தேவைப்பட்டிருக்கும் என்று தெரிந்துவிடும். அடுத்த ஃபிட்டிங்கை அந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள்.